உலா வரும் வீதி நாடகக் குழுவைப் பொது விழாவுக்கு அழைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடை கிடையாது, நாற்காலி கிடையாது, திரையும் கிடையாது. கூட்டத்துக்குள் நடந்துகொண்டே எதிரில் வருபவரைத் தங்கள் கதைக்குள் இழுத்துக்கொள்ளும் கலைஞர்களைத் தங்கள் விழாவுக்கு அழைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஏற்பாட்டாளர்களுக்கும் குழுக்களுக்கும் நடுவில் நின்று பழகியவனின் பதில்கள் இவை. அருங்காட்சியகமோ, உள்ளாட்சி அமைப்போ, கல்லூரியோ, யார் ஏற்பாடு செய்தாலும் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான்.

மற்ற வீதி நாடகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வீதியில் நடப்பதை மூன்றாகப் பிரிக்கலாம். ஓரிடத்தில் நின்று, சுற்றிலும் வட்டமாகக் கூட்டம் சேர்த்து, தொடக்கமும் முடிவும் உள்ள நாடகத்தை ஆடுவது ஒன்று. ஊர்வலமாகப் போவது இன்னொன்று. அதில் பாதையும் நேரமும் முன்பே முடிவாகியிருக்கும், பார்ப்பவர்கள் ஓரமாக நிற்பார்கள். மூன்றாவதுதான் உலா. இரண்டு மூன்று பாத்திரங்கள் மக்களோடு மக்களாக நடப்பார்கள். ஒருவரிடம் நின்று ஒரு நிமிடம் விளையாடுவார்கள், பிறகு நகர்ந்துவிடுவார்கள். பார்க்கிறவர் அதில் பார்ப்பது முழு நாடகத்தை இல்லை, தனக்கென்று நடந்த ஒரு சின்னக் காட்சியை.

எது வேண்டும் என்று தெளிவாக முடிவு செய்துகொண்டு பேச ஆரம்பியுங்கள். உலாக் குழுவை அழைத்துவிட்டு, வந்த பிறகு "அந்த மூலையில் நின்று பதினைந்து நிமிடம் ஏதாவது செய்யுங்களேன்" என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது. அவர்களிடம் அதற்கான நாடகமே இருக்காது.

எங்கள் விழாவுக்கு இது பொருந்துமா?

மக்கள் மெதுவாக நகரும் இடமாக இருந்தால் பொருந்தும். கண்காட்சி, புத்தகத் திருவிழா, பூங்கா விழா, கடைவீதி விழா, நுழைவாயில் வரிசை, இரண்டு மேடை நிகழ்ச்சிகளுக்கு நடுவே உள்ள இடைவேளை, எல்லாமே நல்ல இடங்கள். வரிசையில் காத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி கிடையாது. அவர்களுக்குப் போக வேறு இடமில்லை, பார்க்க வேறு எதுவும் இல்லை.

பொருந்தாத இடங்களும் உண்டு. மேடையில் முக்கிய நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது உலா விடாதீர்கள், இரண்டுமே கெடும். மிகப் பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பேசி நடிக்கும் பாத்திரங்களால் ஒன்றும் செய்ய முடியாது. தோளோடு தோள் இடிக்கும் நெரிசலிலும் வேண்டாம். கலைஞர் நின்றால் கூட்டம் தேங்கும், பின்னாலிருந்து வருபவர்களுக்கு ஏன் நிற்கிறார்கள் என்று தெரியாது, அங்கேதான் ஆபத்து தொடங்கும். கலைஞரைச் சுற்றி ஒரு கை நீள இடமாவது இருக்க வேண்டும்.

காலியான மைதானமும் சரிவராது. முப்பது பேர் மட்டும் சிதறி நிற்கும் இடத்தில் நான்கு பாத்திரங்கள் நடந்து வந்தால், அந்த முப்பது பேருக்கும் கூச்சமாகிவிடும். கதவு திறந்த முதல் அரை மணி நேரத்தை உலாவுக்கு ஒதுக்காமல் இருப்பது நல்லது.

என்னென்ன வகைகள் இருக்கின்றன? எதைத் தேர்ந்தெடுப்பது?

காலில் உயரமான கட்டைகளைக் கட்டிக்கொண்டு நடக்கும் கட்டைக்கால் கலைஞர்கள் தூரத்திலிருந்தே தெரிவார்கள். பெரிய விழாவுக்கு, திறந்த வெளிக்கு, அவர்கள்தான் முதல் தேர்வாக இருக்கும். ஆனால் உயரத்தில் இருப்பதால் நெருங்கிய உரையாடல் குறைவு. பலர் பயன்படுத்துவது அடிப்பகுதி குறுகிய கட்டை. அதில் அசையாமல் நிற்க முடியாது, சின்னச் சின்ன அடி வைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். புகைப்படத்துக்காகப் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்தினால் ஏன் சிரமப்படுகிறார்கள் என்று இப்போது புரியும்.

ராட்சதப் பொம்மைகளுக்குள் ஒருவரோ பலரோ இருந்து இயக்குவார்கள். காட்சி பிரமாதமாக இருக்கும். உள்ளே இருப்பவருக்குப் பார்வை மிகக் குறைவு, வெப்பம் மிக அதிகம். காற்று ஊதி நிற்கும் உடைகளில் மின்விசிறியும் பேட்டரியும் இருக்கும். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலை போல அசையாமல் நிற்பவர்கள் உண்மையில் உலா வருபவர்கள் இல்லை என்றாலும், ஓரிடத்தில் நின்று, பிறகு இடம் மாறி நிற்கும் வடிவத்தில் இதோடு சேர்த்தே கிடைப்பார்கள். கூட்டம் அவர்களைச் சுற்றித் தேங்கும் என்பதால் பாதையை விட்டு ஒதுங்கிய இடம் கொடுங்கள்.

தரையில் நடக்கும் பேச்சுப் பாத்திரங்கள் இருக்கிறார்கள். தொலைந்துபோன சுற்றுலாப் பயணிகள், எதையாவது அளந்துகொண்டே இருக்கும் போலி அதிகாரிகள், வழிதவறி வந்த விண்வெளி வீரர் என்று எதுவாகவும் இருக்கலாம். என் சொந்த விருப்பம் இவர்கள்தான். படத்தில் பார்த்தால் சாதாரணமாகத் தெரிவார்கள், அதனாலேயே ஏற்பாட்டாளர்கள் இவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் விழா முடிந்து வீட்டுக்குப் போகிறவர் "என்னைப் பிடித்து என் நிழலை அளந்தான்" என்று சொல்லிச் சிரிப்பது இவர்களைப் பற்றித்தான். பல மொழி பேசும் மக்கள் கூடும் இடமென்றால் பேச்சில்லாத பாத்திரங்களைக் கேளுங்கள்.

வாத்தியங்களோடு நடக்கும் இசைக் குழுக்கள், சக்கரம் வைத்த விசித்திர வண்டிகள் என்று இன்னும் உண்டு. வண்டிகளுக்கு அகலமும் திரும்பும் இடமும் முக்கியம்.

எத்தனை கலைஞர்கள் போதும்?

இடத்தின் பரப்பையும் கூட்டத்தின் அளவையும் பொறுத்தது. பொதுவாகச் சொன்னால், ஒரே பாத்திர வகையில் இருவர் அல்லது மூவர் சேர்ந்து வருவதுதான் நன்றாக வேலை செய்கிறது. தனி ஆளாக வந்தால் எல்லாச் சிரிப்பையும் அவரே பார்வையாளரிடமிருந்து வரவழைக்க வேண்டும். இருவர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே ஒரு சண்டையோ காதலோ ஓடும், பார்வையாளர் அதில் நுழைந்தால் போதும். மைதானம் பெரிதென்றால் ஆறு பேரை ஒரே கும்பலாக அனுப்பாமல், இரண்டு இரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு பகுதிகளில் விடுங்கள்.

காலையிலிருந்து மாலை வரை உலாவச் சொல்லலாமா?

முடியாது. இதற்குப் பேரம் பேசவும் வேண்டாம். வழக்கமான அமைப்பு 30 நிமிடச் சுற்றுகள் மூன்று, அல்லது 45 நிமிடச் சுற்றுகள் இரண்டு. இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு. கனமான உடை, முழு முகமூடி, பொம்மைக்குள் இருக்கும் வேலை என்றால் ஒரு சுற்று 20 நிமிடமாகக் குறையும். வெயில் நாளில் இன்னும் குறையும்.

இந்தக் கணக்கில் தெரியாமல் போவது ஒப்பனை நேரம். கட்டைக்காலைக் கட்டி, முகத்தில் வண்ணம் பூசி, உடையைச் சரிசெய்து வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். முதல் சுற்று 11 மணிக்கு என்றால் குழு 9 மணிக்கே வந்துவிட வேண்டும். நாள் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்றால் இரண்டு குழுக்களை அழைத்து மாற்றி மாற்றி விடுங்கள்.

எவ்வளவு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்? முதல் தொடர்பில் என்ன சொல்ல வேண்டும்?

விழாக் காலத்து வார இறுதி என்றால் ஆறு மாதம் முன்பே நல்ல குழுக்களின் நாட்கள் நிரம்பியிருக்கும். சாதாரண நாளுக்கு இரண்டு மூன்று மாதம் போதும். உங்கள் விழாவின் கருப்பொருளுக்கென்று புதிதாகப் பாத்திரம் உருவாக்க வேண்டுமென்றால் தையல், ஒத்திகை எல்லாவற்றுக்கும் சேர்த்து அதற்கு மேலும் நேரம் கொடுங்கள்.

"உங்கள் ரேட் என்ன?" என்று ஒரு வரி அனுப்பினால் பயனுள்ள பதில் வராது. தேதி, இடம், உள்ளரங்கமா வெளியிடமா, தரை எப்படிப்பட்டது, எத்தனை பேர் வருவார்கள் என்ற உத்தேசம், குடும்பங்களா இளைஞர்களா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, அப்புறம் உங்களிடம் உள்ள தொகை. கடைசியில் உள்ளதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் அதிகம். சொல்லிவிட்டால், அந்தத் தொகைக்கு எந்த நிகழ்ச்சி பொருந்தும் என்று குழுவே யோசித்துச் சொல்லும். சொல்லாவிட்டால் அவர்கள் பெரியதைச் சொல்வார்கள், நீங்கள் மௌனமாகிவிடுவீர்கள், இரண்டு வாரம் போயிருக்கும்.

நல்ல குழுவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இசை சேர்த்து வெட்டி ஒட்டிய விளம்பர வீடியோவை நம்பி முடிவெடுக்காதீர்கள். உண்மையான விழாவில், கூட்டத்துக்கு நடுவே, வெட்டாமல் எடுத்த நான்கைந்து நிமிட வீடியோவைக் கேளுங்கள். அதில் கலைஞரைப் பார்க்காமல் எதிரில் இருப்பவர்களைப் பாருங்கள். செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு நகர்கிறார்களா, அல்லது போனைக் கீழே இறக்கிவிட்டு விளையாடுகிறார்களா? முதலாவது நடந்தால் உடை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது நடந்தால் கலைஞர் நன்றாக இருக்கிறார்.

நேரில் பார்ப்பதற்கு ஈடில்லை. வீதிக் கலைக்கென்றே நடக்கும் விழாக்களுக்குப் போனால் ஒரே வாரத்தில் பல குழுக்களைப் பார்த்துவிடலாம். ஸ்பெயினில் கத்தலோனியாவின் தாரெகா நகரில் 1981 முதல், பிரான்ஸின் ஓரியாக்கில் 1986 முதல், ஷாலோனில் 1987 முதல் நடப்பவை இந்தத் துறையில் பெரிய பெயர்கள். நிகழ்ச்சிகளைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாட்டாளர்கள் அங்கே கூட்டமாக வருவார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்தில் நடக்கும் ஏதாவதொரு விழாவில் அந்தக் குழு ஆடும் நாளில் போய்ப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், முன்பு அவர்களை அழைத்த ஒருவரிடம் போனில் பேசுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: மறுபடி அழைப்பீர்களா?

கட்டணம் எதை வைத்து முடிவாகிறது?

கலைஞர்களின் எண்ணிக்கை, கூட வரும் உதவியாளர்கள், பயணம், தங்குமிடம், சாமான் ஏற்றிவரும் வண்டி, இன்சூரன்ஸ், உடையைத் துவைத்துப் பழுதுபார்க்கும் செலவு, ஒத்திகை நாட்கள். நீங்கள் பார்ப்பது ஒன்றரை மணி நேர உலா. அவர்களுக்கு அது கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை ஒரு முழு நாள், சில சமயம் இரண்டு நாள். அதனால்தான் "ஒரே ஒரு சுற்று போதும், பாதிக் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது எடுபடாது.

செலவைக் குறைக்க நேர்மையான வழி, இரண்டாவது நாளையும் சேர்த்துப் பதிவு செய்வது. பயணச் செலவு ஒருமுறைதான் என்பதால் இரண்டாம் நாள் மலிவாக வரும். அல்லது பக்கத்தில் விழா நடத்தும் இன்னொரு அமைப்போடு பேசி, அடுத்தடுத்த நாட்களில் ஒரே குழுவை அழைத்துப் பயணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். "நல்ல விளம்பரம் கிடைக்குமே" என்று சொல்லி இலவசமாகக் கேட்பது வழி இல்லை.

ஒப்பந்தம் எழுதியே ஆக வேண்டுமா?

ஆம், சின்ன நிகழ்ச்சிக்கும். இந்தத் தொழிலில் காகிதம் ஒன்றும் புதிதல்ல. 1545 பிப்ரவரியில் இத்தாலியின் பாதுவா நகரில் எட்டு நடிகர்கள் நோட்டரி முன்னிலையில் எழுதிக்கொண்ட கூட்டு ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் ஆடிய முகமூடி நாடகக் குழுக்கள் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களில் அது ஒன்று. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் பொதுப் பணத்திலிருந்து கவனிக்க வேண்டும், சாமான் சுமக்கப் பொதுவில் ஒரு குதிரை வாங்க வேண்டும், பணப்பெட்டிக்கு மூன்று சாவி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள். நோய், போக்குவரத்து, பணம். இன்றைய ஒப்பந்தத்திலும் தகராறு வருவது இந்த மூன்றில்தான்.

உங்களுடையது இரண்டு பக்கம் இருந்தால் போதும். தேதி, வந்து சேரும் நேரம், சுற்றுகளின் நேரம், மொத்தத் தொகை, முன்பணம், மீதியை எந்த நாளுக்குள் தருவீர்கள், யார் ரத்து செய்தால் எவ்வளவு, வானிலை கெட்டால் என்ன, ஒரு கலைஞருக்கு உடம்பு முடியாவிட்டால் மாற்று ஆள் வருவாரா, புகைப்படமும் வீடியோவும் யார் எதற்குப் பயன்படுத்தலாம். முன்பணம் கால் பங்கிலிருந்து பாதிவரை கேட்பது வழக்கம். ரத்துக்கான தொகை, விழா நெருங்க நெருங்க ஏறும்படி எழுதுவார்கள். கடைசி வாரத்தில் ரத்தானால் பெரும்பாலும் முழுத் தொகை.

உங்கள் அலுவலகத்தில் பில் அனுமதியாகிப் பணம் போய்ச் சேர மூன்று மாதம் ஆகும் என்றால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். "உடனே கொடுத்துவிடுவோம்" என்ற வார்த்தையால் கசந்த உறவுகள் நிறைய.

உடை மாற்ற என்ன இடம் தேவை?

பூட்டக்கூடிய அறை, கண்ணாடி, நல்ல வெளிச்சம், நாற்காலிகள், தண்ணீர், பக்கத்திலேயே கழிவறை. பொதுமக்கள் வந்துபோகும் கழிவறையில் உடை மாற்றச் சொல்லக் கூடாது. உலா தொடங்கும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். முழு வேடத்தில் அரை கிலோமீட்டர் நடந்து வந்தால் பாதிச் சக்தி அதிலேயே போய்விடும்.

கட்டைக்கால் கலைஞர்களுக்கு ஒரு தனித் தேவை உண்டு. கட்டையைக் கட்டிக்கொள்ளவும் அவிழ்க்கவும் இடுப்பு உயரத்துக்கும் மேலான, ஆடாத மேசையோ திண்ணையோ வேண்டும். கட்டிய பிறகு அவர்கள் இரண்டரை, மூன்று மீட்டர் உயரம் வந்துவிடுவார்கள். வழக்கமான கதவு இரண்டு மீட்டர்தான். அதனால் அறை மாடியில் இருப்பதும், படி இறங்கி வருவதும், தாழ்ந்த வாசலும் ஆகவே ஆகாது. நடுவில் தண்ணீர் குடிக்க உட்காரவும் அதே உயரத் திண்ணை வேண்டும், பாதையிலேயே எங்காவது இருந்தால் இன்னும் நல்லது.

பாதையை யார் முடிவு செய்வது?

நீங்கள் எல்லையைச் சொல்லுங்கள், அதற்குள் எப்படிப் போவது என்பதைக் கலைஞர்களிடம் விடுங்கள். உலாவின் உயிரே, கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கே திரும்புவதில் இருக்கிறது. ஒவ்வொரு மூலைக்கும் நேரம் குறித்துக் கொடுத்தால் அது ஊர்வலமாகிவிடும்.

எல்லையை வகுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். தலையை நிமிர்த்தியும் குனிந்தும் நடக்க வேண்டும். மேலே தாழ்ந்த கிளை, தோரணம், மின்கம்பி, பந்தலின் விளிம்பு. கீழே ஜெனரேட்டர் கேபிள், சரளைக் கல், சாக்கடை மூடி, புல்லுக்குள் மறைந்த குழி, கூடாரம் கட்டிய கயிறு. கட்டைக்காலுக்கு ஈரப்புல்லும் வழவழப்பான கல்தரையும் மோசமான எதிரிகள். பார்த்ததையெல்லாம் செல்போனில் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள், பாதிக் கேள்விகள் தீர்ந்துபோகும்.

பெரிய உருவம் வந்தால் ஊரே வழிவிட வேண்டியிருக்கும். 2006 மே மாதம் பிரான்ஸின் ரோயால் தெ லுக்ஸ் குழுவினர் 10 மீட்டருக்கும் அதிக உயரமும் 40 டன்னுக்கும் மேல் எடையும் கொண்ட இயந்திர யானையை லண்டன் வீதிகளில் நடக்க வைத்தார்கள். சாலைகளை மூடி, போக்குவரத்து விளக்குகளைக்கூடக் கழற்றித்தான் அதற்கு வழிவிட்டார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஆனால் மூன்று மீட்டர் பொம்மைக்கும் இரண்டரை மீட்டரில் தொங்கும் தோரணம் தடைதான்.

மழை வந்தால்? காற்று அடித்தால்?

தூறலில் பல பாத்திரங்கள் குடையோடு சமாளிப்பார்கள். பலத்த மழையில் எல்லாரும் நிறுத்துவார்கள். மழையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதுதான் அதிக ஆபத்து. இறக்கை, கொடி, பெரிய பாவாடை எல்லாம் பாய்மரம் போல இழுக்கும். காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலில் 4 என்பது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வேகம், தரையில் கிடக்கும் காகிதமும் தூசியும் பறக்கத் தொடங்கும். 5 என்பது 29 முதல் 38, சிறு மரங்கள் ஆடும். உயரமான வேடங்கள் பலவும் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ நின்றுவிடும். உங்கள் குழுவின் எல்லை என்ன என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சராசரி வேகத்தைவிடத் திடீரென்று வீசும் காற்றின் வேகத்தைப் பாருங்கள்.

வெயிலுக்கு நிழலான ஓய்விடம், குளிர்ந்த தண்ணீர், குறுகிய சுற்றுகள்.

பாதுகாப்பு காரணமாகக் கலைஞர் "இப்போது போக முடியாது" என்று சொன்னால் அதுவே கடைசி வார்த்தை. வந்து தயாராக நின்ற பிறகு வானிலையால் நின்றால் கட்டணம் முழுதாகத் தர வேண்டியிருக்கும். அதனால் மாற்று ஏற்பாட்டை முதலிலேயே பேசுங்கள். உள்ளே மாற்ற கூடம் இருக்கிறதா? கட்டைக்கால் இல்லாமல் தரையில் நடக்கும் வடிவம் அவர்களிடம் இருக்கிறதா? நேரத்தை முன்பின் நகர்த்தலாமா?

பாதுகாப்புக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாம் நபருக்கு ஏற்படும் காயத்தையும் சேதத்தையும் ஈடுகட்டும் இன்சூரன்ஸ் குழுவிடம் இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விழா நாளில் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். என்னென்ன ஆபத்து வரலாம், அதற்கு என்ன செய்வோம் என்று எழுதிய தாளும் நல்ல குழுக்களிடம் தயாராக இருக்கும். அது அவர்களுடைய வேடத்துக்கு எழுதியது. உங்கள் இடத்துக்கான தாளை நீங்கள்தான் எழுத வேண்டும்.

உலா வரும்போது கூடவே ஒரு துணையாள் நடக்க வேண்டும். முகமூடிக்குள் இருப்பவருக்குப் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, காலடியில் ஓடிவரும் குழந்தை சுத்தமாகத் தெரியாது. சில குழுக்கள் தங்கள் ஆளையே அழைத்து வரும், சில குழுக்கள் உங்களிடம் ஒரு தன்னார்வலரைக் கேட்கும். உங்கள் ஆள் என்றால், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். "அப்படியே அந்தப் பக்கம் பார்க்கிங்கையும் கவனித்துக்கொள்" என்று ஆரம்பித்தால் துணையாள் இல்லாத மாதிரிதான்.

கூட்டத்தில் உலாவிக்கொண்டே நெருப்பு வித்தை செய்யச் சொல்லாதீர்கள். நெருப்பென்றால் கயிறு கட்டிய வட்டம், அணைப்பான், தனி அனுமதி, தனி இன்சூரன்ஸ். இரவு உலாவுக்கு ஒளிரும் உடைகள் இருக்கின்றன, அதே அளவு அழகு. ஆனால் உடை ஒளிர்வதால் தரை தெரியாது. பாதையில் விளக்கு வேண்டும்.

அனுமதி வாங்குவது யார் பொறுப்பு?

இடத்துக்கான அனுமதி ஏற்பாட்டாளர் பொறுப்பு. சாலை, பூங்கா, நடைபாதை என்று எதுவானாலும் அதை நிர்வகிக்கும் அமைப்பிடம் எழுத்தில் வாங்குங்கள். காவல்துறைக்கும் தகவல் சொல்லுங்கள். முகமூடி அணிந்தவர்கள் வருவதை முன்பே சொன்னால் வாயிலில் குழப்பம் வராது. பதிவு செய்யப்பட்ட இசையைப் பொது இடத்தில் ஒலிக்க இசை உரிமை அமைப்பின் உரிமம் பல நாடுகளில் கட்டாயம். விழாவுக்கு ஏற்கெனவே இருக்கும் உரிமத்துக்குள் நடமாடும் ஸ்பீக்கரும் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் பயந்து அழுதால்?

சிலர் அழுவார்கள். முகம் மறைந்த, பெரிய உருவம் கிட்டே வந்தால் இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குப் பயம் இயல்பு. அனுபவமுள்ள கலைஞர் தூரத்திலேயே நின்று, உயரத்தைக் குறைத்து, பார்வையை வேறு பக்கம் திருப்பி, குழந்தையே கிட்டே வரட்டும் என்று விட்டுவிடுவார். தொந்தரவு பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வரும். அழும் குழந்தையைப் படத்துக்காக முன்னே தள்ளுவார்கள். அங்கே துணையாள் மெல்லத் தலையிடலாம்.

தொடுவது, தூக்குவது, தோளில் கை போடுவது எதுவும் பார்வையாளர் விருப்பமில்லாமல் கூடாது. இது இரண்டு பக்கமும்தான். குடித்துவிட்டு வந்து முகமூடியை இழுப்பவர்கள், கட்டைக்காலைத் தட்டிப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கலைஞர்கள் காவலாளிகள் இல்லை. அவர்களைக் காப்பாற்ற வேண்டியது உங்கள் ஆட்கள்.

சத்தமும் திடீர் அசைவும் தாங்க முடியாத ஆட்டிசம் உள்ளவர்கள் வரலாம். உலா வராத அமைதியான பகுதி ஒன்றை ஒதுக்கி, நுழைவாயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவர்களிடம் துண்டுச்சீட்டு கொடுத்து விநியோகிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். கையில் சீட்டு வந்த நொடியில் மக்கள் ஒதுங்கிப் போவார்கள், அது அனிச்சைச் செயல். ஒரு நிமிட விளையாட்டுக்குக் காத்திருந்தவர்கூட "எதையோ விற்கிறார்கள்" என்று நகர்ந்துவிடுவார். ஸ்பான்சர் பெயர் வந்தே தீர வேண்டுமென்றால் துணையாளின் சட்டையில் போடுங்கள், அவர் கையில் சீட்டும் இருக்கட்டும். வேடத்தின் மேல் லோகோ ஒட்டச் சொல்வதற்குமுன் குழுவிடம் கேளுங்கள், பலர் மறுப்பார்கள்.

நேரத்தை நிகழ்ச்சி நிரலில் அச்சிடலாமா?

பகுதியையும் உத்தேச நேரத்தையும் போடலாம். "பிற்பகலில் பூங்காப் பக்கம்" என்ற அளவில். "3.10க்கு நீரூற்று அருகே" என்று போட்டால் மக்கள் வட்டமாக நின்று காத்திருப்பார்கள், கலைஞர்கள் வந்து நடந்து போய்விடுவார்கள், இவ்வளவுதானா என்று கேட்பார்கள்.

விழா நாளில் எங்கள் வேலை என்ன?

குழுவுக்கென்று ஒரே ஒரு தொடர்பாளர். அவருடைய போன் எண் முந்தைய நாளே குழுவிடம் இருக்க வேண்டும், அந்தப் போனை அவர் எடுக்க வேண்டும். வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த வாயில் வழியாக வருவது, அனுமதிச் சீட்டு யாரிடம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழு வந்ததும் பாதையில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். காவலாளிகளுக்கும் மேடைப் பொறுப்பாளருக்கும் இவர்கள் யார் என்று அறிமுகம் செய்யுங்கள். சாப்பாடு சுற்றுகளுக்கு நடுவே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பனையோடு வரிசையில் நின்று சாப்பாடு வாங்க முடியாது.

உலா நடக்கும்போது முக்கிய விருந்தினரோடு படம் எடுக்க வேண்டும் என்று நடுவில் கூப்பிடாதீர்கள். படம் வேண்டுமென்றால் முதல் சுற்றின் ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

நன்றாக நடந்ததா என்று எப்படி அளப்பது?

டிக்கெட் இல்லாததால் தலைகளை எண்ண முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் பத்து நிமிடம் கூடவே நடந்து, எத்தனை பேரிடம் நின்றார்கள், எத்தனை பேர் நின்று பார்த்தார்கள் என்று குறித்தால் போதும். அடுத்த ஆண்டு பட்ஜெட் கேட்கும்போது அந்தத் தாள் உதவும்.

மக்கள் கலைஞர்களிடம் காசு கொடுத்தால்?

கட்டணம் கொடுத்து அழைத்த உலாவில் தொப்பி நீட்டுவது வழக்கமில்லை. இருந்தாலும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சிலை போல நிற்பவர்களிடம் மக்கள் பழக்கத்தில் காசு போடுவார்கள், காலடியில் பெட்டி இல்லாவிட்டால் தரையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அதை வைத்துக்கொள்ளலாமா, விழாவின் நன்கொடைப் பெட்டிக்குப் போக வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.